உள்ளே உணங்கியதா

சிஸ்டர் என் கேக்கில் முதல் ஓட்டையைப் போட்டது ஒரு மத்தியான வேளையில். பாறசாலையில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக நான் செய்து, அடுக்களை ஜன்னலோரம் ஆற வைத்திருந்த கேக் அது. கறிவேப்பிலை கேட்டு வந்தவர், கேக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் பின்பக்கம் போய் இரண்டு கொத்து கிள்ளிக்கொண்டு திரும்பும்போது, அவருடைய ஆள்காட்டி விரல் கேக்கின் நட்ட நடுவில் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. விரலை மெதுவாக வெளியே எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"உள்ள நல்லா வெந்திரிக்கு மக்கா," என்றார். அது பாராட்டு. கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கேக் வெந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே காலையிலிருந்து ஓவனுக்கு முன்னால் வெந்துகொண்டிருந்தேன்? வேறு வழியில்லாமல் ஓட்டையில் ஜாமை நிரப்பி, மேலே கிரீமைப் பூசி மூடி அனுப்பினேன். மறுநாள் அந்த வீட்டார் போன் செய்து, நடுவில் ஜாம் வைத்தது புதுமையாக இருந்தது, அடுத்த தடவையும் அதேபோல வேண்டும் என்றார்கள். கோபம் இன்னும் கூடியது.

நான் குளத்தூரில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுப்பவள். மதிலுக்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் வீடு. இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. என் கேக்குகள் முழுசாக ஆறுகின்றன. மத்தியானங்களில் பொழியூர்ப் பக்கமிருந்து கடல்காற்று கிளம்பி, தென்னந்தோப்புகளுக்குள் சுற்றி, கொஞ்சம் உப்போடு என் அடுக்களைக்கு வந்து சேரும். ஓவனின் சூடும் அந்தக் காற்றும் கலந்த இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால், பின்வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. திறந்து பார்த்தால் யாரும் இல்லை. எழுந்து போய் கேக்கைப் பார்க்கிறேன். ஓட்டை இல்லை. அதில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எந்த மடம் என்று கேட்டவர்களும் உண்டு. அவர் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மிஷன் சபையில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசிவரை கூடவே வைத்துப் பார்த்தவர். ஊரில் முட்டி பெயராத பிள்ளை கிடையாது. சிஸ்டர் மருந்து வைக்காத முட்டியும் கிடையாது. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கே சிஸ்டர். பூவாற்றில் சுற்றுலாப் படகு ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவருக்கு மட்டும்தான் அவர் அக்கா. அந்தத் தம்பியோ, அப்பா செத்த கையோடு படகை விட்டுவிட்டு, மூணாறுக்கும் மேலே மனைவியின் ஊரான ஒரு மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரும் அக்கா என்று கூப்பிடவில்லை.

காயம் ஆறுவதை எங்கள் பக்கத்தில் உணங்குவது என்போம். மீனும் உணங்கும், துணியும் உணங்கும், முட்டியில் பட்ட காயமும் உணங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். சிஸ்டரிடம் அந்தச் சொல்லை மட்டும் லேசாகச் சொல்லிவிட முடியாது. புண் உணங்கிவிட்டது என்று யாராவது காலைக் காட்டினால், குனிந்து, ஓரத்தில் விரலை வைத்து அழுத்தி, முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்தால் போச்சு.

"மேல பொருக்கு கட்டியிரிக்கு, அவ்வளவுதான். உள்ள ஆரு பாத்தா?" என்பார்.

புண்ணோடு நிறுத்தியிருந்தால் நல்லது. அவர் நிறுத்தவில்லை. புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டால் சுவரின் வர்ணத்தை நகத்தால் சுரண்டுவார். பலாச்சுளையைப் பிளந்து கொட்டைவரை பார்த்துவிட்டுத்தான் தின்பார். எல்லைத் தென்னைக்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு வீட்டார், சபையில் எல்லார் முன்பாகவும் கைகொடுத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, சிஸ்டர் பக்கத்தில் இருந்த என்னிடம், பொருக்கு நல்லா கட்டியிருக்கு என்றார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. நாலு வரிசைக்குக் கேட்டது.

இன்னொன்றும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கும். எதிர்வீட்டுப் பெண் கல்யாணமாகி முதல் தடவை வீட்டுக்கு வந்திருந்தாள். பட்டும் பூவுமாக, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பலகாரம் எடுத்து வைத்தாள். சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "மேல சிரிப்பு இரிக்கு. உள்ள எப்பிடி மக்கா?" என்றார். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே அழ ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா அதற்குப் பிறகு வெகுநாள் சிஸ்டரைக் கண்டால் வேறு வழியாகப் போனாள். கண்டுபிடித்தது நல்லதா கெட்டதா என்று ஊரில் பேசி முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, அவர் என் கையைப் பிடிக்க வந்தால் நான் மாவு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிப் பின்னால் மறைத்துக்கொள்வேன்.

சிஸ்டர் முதலிலேயே இப்படி இல்லை என்று என் மாமியார் சொல்வார். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், சிஸ்டர் ஒரு பார்வை பார்த்து உணங்கிச்சு என்றால் உணங்கியதுதானாம். அதற்கு மேல் டாக்டரைக்கூட யாரும் கேட்க மாட்டார்களாம். நான் அதை நம்பவில்லை.

ஸ்ட்ராபெரி வர ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில். மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டிக்காரர் ஜங்ஷனில் நிறுத்தி, சிஸ்டருக்கென்று ஓட்டைகள் போட்ட ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் வரிசை வரிசையாகச் சிவப்பு. நான் கேக்குக்கு மேலே வைக்கிற, கடையில் வாங்கும் வெளிறிய பழம் இல்லை இது. சின்னதாக, காம்புவரைக்கும் பழுத்து, திறந்த உடனே வாசனை நெற்றியில் வந்து மோதியது. தம்பி இப்போது மலையில் இதைத்தான் பயிர் செய்கிறார் என்று வண்டிக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உள்ளே வேறு ஒரு காகிதமும் இல்லை. பெட்டியின் மேல் தம்பியின் கையெழுத்தில் விலாசம் மட்டும் இருந்தது: சிஸ்டர், குளத்தூர்.

அந்த விலாசத்தை அவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "அவனுக்கும் நான் சிஸ்டர் ஆயிட்டேன்," என்றார். பெட்டியை மூடி வைத்தார்.

ஒரு பழம்கூடத் தின்னவில்லை. அழுகிப்போகும், எல்லாருக்கும் கொடுங்கள் என்றேன். இல்லை, உணக்கி வைக்கணும் என்றார். உணக்கி என்ன செய்வீர்கள் என்றால், அவனுக்கே கொடுத்தனுப்பணும் என்றார். மலையில் பழுத்த பழத்தை மலைக்கே திருப்பி அனுப்புவதா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் தடவை அவர் செய்ததை எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு உணக்குவது என்றால் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான். சீவி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு வாட்டு வாட்டி எடுத்து, பிறகு வெயிலில் போட்டால் அது வாட்டுக்கப்பை. மழைக்காலம் முழுக்க இருக்கும். சிஸ்டர் ஸ்ட்ராபெரியையும் உருளியில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒரு வாட்டு வாட்டினார். சிவப்பெல்லாம் தண்ணீருக்குப் போய், பழம் ஊறிப்போன பஞ்சுபோல மிதந்தது. இரண்டு பேரும் உருளியைச் சுற்றி நின்று பார்த்தோம். என் மாமியார் அதில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மிச்சத்தைத் தென்னைமூட்டில் கொட்டினோம்.

அடுத்த பெட்டி வந்ததும் மொட்டைமாடி. ஓலைப்பாயில் துண்டுகளைப் பரப்பி, ஈ மொய்க்காமலிருக்க மேலே காயத்துக்குக் கட்டும் வலைத்துணியை விரித்திருந்தார். நான் மேலே ஏறிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒரே அளவு இடைவெளி விட்டு, வார்டில் கட்டில் போட்டதுபோல வரிசை. சிஸ்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார். மத்தியானம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் கடல்காற்று ஈரத்தோடு ஏறியது. வெயில் உணக்கியதை எல்லாம் காற்று திரும்ப நனைத்தது. மறுநாள் அவை பாயோடு ஒட்டிக்கொண்டு, புளித்த வாசனை அடித்தது. கடலோரத்தில் வீடு கட்டினால் அப்பளமே மொறுமொறுக்காது; பழம் எப்படி உணங்கும் என்றேன்.

மூன்றாவதற்கு என் ஓவன். அதில் என் குணம் வெளிப்பட்டது. எனக்கு எதுவும் சட்டென்று முடிய வேண்டும். கேக்குக்கு வைக்கிற சூட்டையே வைத்து, கதவை இறுக்க மூடினேன். கொஞ்ச நேரத்திலேயே துண்டுகள் சுருங்கி, மேலே வடகம்போல விறைத்து, தட்டில் தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது. சிஸ்டர் ஒன்றை எடுத்து அழுத்தினார். கெட்டியாக இருந்தது. அந்த ஒரு தடவை மட்டும் அவர் பிய்த்துப் பார்க்கவில்லை. ஏன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கிடைத்துவிட்டது என்ற ஆசைதான். ஆசை கண்ணை மூடிவிட்டது. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அடுத்த பெட்டியில் பழங்களுக்கு நடுவே அதே குப்பி திரும்பி வந்தது. கண்ணாடிக்குள் முழுக்க வெள்ளைப் பூசணம். ஒரு வார்த்தை எழுதவில்லை.

சிஸ்டர் என் அடுக்களை மேசையில் குப்பியைத் திறந்து, ஒன்றை இடுக்கியால் எடுத்துப் பிய்த்தார். மேலே ஓடு மாதிரி உணங்கியிருந்தது. உள்ளே சிவப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று. சிஸ்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்க காலும் இப்பிடித்தான் மக்கா," என்றார்.

அவர் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண். தினமும் சிஸ்டர்தான் கட்டுப் பிரித்துக் கட்டினார். அது ஆறி வந்தது. பொருக்கு உதிர்ந்து, இளஞ்சிவப்பில் புதுத்தோல் மூடியது. அந்தச் சமயத்தில் தம்பி ஒரு கார் பிடித்துக்கொண்டு வந்து, எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று நின்றிருக்கிறார்.

"நான் ஆக்கும் வேண்டாம்னு சொன்னேன். உணங்கிச்சுலே, வண்டிய திருப்பி விடுன்னேன். அவன் திருப்பி விட்டான். நான் சொன்னா அவனுக்கு அப்பீல் கிடையாது. சின்னதுலேருந்தே அப்பிடியாக்கும்."

மூடிய தோலுக்கு அடியில் எலும்புவரை சீழ் இருந்திருக்கிறது. காய்ச்சல் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சிஸ்டர் தம்பியிடம் போய், உணங்கிச்சுன்னுதான்லே நினைச்சேன் என்று ஆரம்பித்தாராம். தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல், "மதி," என்றாராம். எங்கள் பேச்சில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். இலையில் சோறு விழும்போது கையைக் காட்டிச் சொல்கிற சொல். "மதி. நீ இனி ஒண்ணும் சொல்லாண்டாம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தம்பி அவரிடம் எதையும் கேட்கவில்லை, சிஸ்டரும் யாரிடமும் எது பற்றியும் உணங்கிச்சு என்று சொல்லவில்லை. என் கேக்கில் இருந்த ஓட்டைகள் எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தன. எதிர்வீட்டுப் பெண்ணின் மணிக்கட்டும் புரிந்தது. எழுந்து போய் குப்பியைக் கழுவினேன். வேறு என்ன செய்ய?

"ஒரு குப்பி மக்கா," என்றார் சிஸ்டர், என் முதுகுக்குப் பின்னால் இருந்து. "உள்ளயும் உணங்கின ஒரு குப்பி நான் அவனுக்குக் குடுக்கணும்."

அதற்குப் பிறகு நடந்ததில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தப்பாகச் செய்து செய்துதான் படித்தோம். காம்பு கிள்ளிய பிறகு கழுவினால் பழம் தண்ணீரைக் குடித்துவிடும். அதனால் காம்போடு கழுவி, துணியில் ஒற்றி, பிறகு கிள்ளினோம். பாதி பழுத்தது உணங்கினால் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து, வாசனை இல்லாததை மாமியாருக்குக் கொடுத்தோம். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால் ஒன்று கருகும்போது மற்றது ஈரமாக இருக்கும். சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே கனத்தில் அரிந்தார். ஓவனில் இருப்பதிலேயே குறைந்த சூடு. கதவு முழுசாக மூடாதபடி நடுவில் சிரட்டைத் தவி, அதாவது அகப்பையின் காம்பைச் செருகி வைத்தோம், ஈரம் வெளியே போக. எதிரே ஒரு மேசை விசிறி. காலையில் வைத்தால் பொழுது சாயும்வரை வேறு வேலை ஓடாது.

அந்த நாட்கள் எனக்கு ஒரு நீண்ட மத்தியானம்போல ஞாபகம் இருக்கின்றன. வெளியே வெயில் தென்னைமட்டைகளில் அசையாமல் நிற்கும். ஓவனின் மஞ்சள் விளக்கில் சிவப்புத் துண்டுகள் தெரிந்தும் தெரியாமலும் சுருங்கிக்கொண்டே இருக்கும். முதலில் வருவது பச்சைப் பழத்தின் வாசனை. மத்தியானம் அது ஜாம் காய்ச்சுகிற வீட்டின் வாசனையாகிவிடும். சாயங்காலத்தில் வருவதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை; பழத்தை விடப் பழமாக, ரோஜாவும் புளிப்பும் கலந்து, எங்கேயோ போய்வந்த துணியைப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருக்கும். அது வீடு முழுக்க நடக்கும். திரைச்சீலையில், என் தலைமுடியில், மாமியாரின் ஜெபப் புத்தகத்தில் எல்லாம் ஏறும். நான் நாற்காலியில் தூங்கிப்போவேன். விழித்தால் சிஸ்டர் இடுக்கியோடு குனிந்து நிற்பார். விழித்தேனா, கனவில்தான் அவர் நிற்கிறாரா என்று தெரியாமல் திரும்பக் கண்ணை மூடிக்கொள்வேன். சூட்டைக் கொஞ்சம் கூட்டலாமா என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவசரம் என்னை விட்டு எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

இந்தத் தடவை குப்பி உடனே மலை ஏறவில்லை. சிஸ்டர் அதை என் ஜன்னலில் வைத்து, காலையில் வந்ததும் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கண்ணாடியின் உட்பக்கம் மூச்சு பட்டதுபோல மங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் லேசாக மங்கியது. எல்லாவற்றையும் கொட்டித் திரும்ப ஓவனில் வைத்தோம். பிறகு மங்கவில்லை. தெளிவாக, காலை வெயில் அப்படியே ஊடுருவி, ஜன்னல் கட்டையில் சிவப்பாக விழுந்தது. உணங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது. என் மாமியாருக்குத் தெரிந்தது.

சிஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை. காலையில் வந்து குலுக்குவார், வெளிச்சத்தில் பார்ப்பார், மூடியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பிய்ப்பார். உள்ளே உலர்ந்துதான் இருக்கும். "இது சரி. மத்தது எப்பிடியோ," என்று இன்னொன்றைப் பிய்ப்பார். பிய்த்ததை அனுப்ப முடியாது என்று தட்டில் தள்ளிவைப்பார். அவர் தின்ன மாட்டார், நாங்கள்தான் தின்போம். வண்டிக்காரர் வந்து வந்து வெறுங்கையோடு போனார். பிய்த்துப் பார்த்தே குப்பி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மலையில் பழக்காலம் முடியப்போகிறது, இனி பெட்டி வராது என்று வண்டிக்காரர் சொன்ன அன்றும், சிஸ்டர் இரண்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று மூடினார். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. என்னை விட்டுப் போன அவசரம் ஒரே மூச்சில் திரும்ப வந்தது.

வண்டிக்காரரிடம் நம்பர் வாங்கித் தம்பிக்குப் போன் செய்தேன். அந்த மனுஷனை நான் அதற்கு முன்பு பார்த்ததுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லிவிட்டு, "உங்க அக்கா உங்க பழத்தை எல்லாம் பிச்சே தீத்துப்போடுவாங்க. குப்பியில கொஞ்சந்தான் மிச்சம் உண்டு. வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க," என்றேன். அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது, மலைக்காற்று. பிறகு போன் வைக்கப்பட்டது. வேண்டாத வேலை பார்த்துவிட்டோமே என்று அன்று முழுக்க அடுக்களையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை.

தம்பி வந்தது மறுநாள், சாயங்காலம் ஆவதற்குச் சற்று முன்னால். சிஸ்டர் கையில் இடுக்கியோடு என் ஜன்னலோரம் நின்று குப்பியைத் திறந்துகொண்டிருந்தார். பின்வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். தோளில் ஓர் அட்டைப்பெட்டியோடு, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய ஒருவர் நின்றார். குளத்தூர் வெயிலில் கம்பளி. மூக்கும் நெற்றியும் அப்படியே சிஸ்டர். பெட்டியைக் கீழே வைத்தார். விசிறி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் குப்பியை மேசையில் வைத்து, அவர் பக்கமாகத் தள்ளினார். தம்பி உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்தார். மெல்லிய, கருஞ்சிவப்பான ஒரு துண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் விதைகள் தெரியும்.

"பிச்சுப் பாரு," என்றார் சிஸ்டர்.

தம்பி பிய்க்கவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லு. உணங்கிச்சா?"

சிஸ்டரின் கை மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சொல் அவர் வாயில் வராது என்று எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாக வராத சொல். அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"உணங்கிச்சுலே," என்றார் கடைசியில். "உள்ளயும்."

"நீ சொன்னா மதி, அக்கா," என்று சொல்லிவிட்டு, தம்பி அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

மழைக்காலத்துக்கு முன்னால் சிஸ்டர் வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு மலைக்குப் போனதும், கொஞ்ச நாளைக்கு என்று போனவர் அங்கேயே இருந்துவிட்டதும், ஒவ்வொரு தையிலும் அவர் உணக்கிய குப்பி ஒன்று கீழே இறங்கி வருவதும் எல்லாம் பிறகு நடந்தவை. அந்தச் சாயங்காலத்தில் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தம்பி மென்றுகொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார். பழம் அவ்வளவு நன்றாக இருந்ததா, வேறு எதற்காகவா என்று நான் எப்படிச் சொல்வேன்? சிஸ்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். குப்பிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து, அவரும் வாயில் போட்டார். இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அத்தனை நாள் பழக்கம். நான் இரண்டு கையாலும் பிடித்துப் பிய்க்கப் போனேன்.

சிஸ்டர் என் கையில் லேசாக ஓர் அடி போட்டார். "சும்மா தின்னு பிள்ளே," என்றார்.